நாமக்கோழிக்குக் கணக்கு எழுதினேன்!

"பொங்கலுக்கு ராஜபாளையம் வாங்க மாப்பிள்ளை. நாலு நாள் பறவை எண்ணணும். எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லை. கணக்குப் படிச்சவர் கூட இருந்தா தெம்பா இருக்கும்!"

போனில் பேசியவர் என் மனைவியின் பெரியப்பா. எனக்கு மாமா முறை. வயசு எழுபத்தெட்டு.

நான் பி.காம். என்பது உண்மைதான். ஆனால், பறவை விஷயத்தில் என் படிப்பு ஐந்தோடு நின்றுவிட்டது. காக்கா, குருவி, கிளி, மயில், பிராய்லர்! இருந்தாலும் உடனே சம்மதித்தேன். உங்களிடம் மறைப்பானேன்... ராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா!

பொதிகை எக்ஸ்பிரஸிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினால், மஃப்ளர், டி.வி.எஸ். 50, கழுத்தில் பைனாகுலர் சகிதம் மாமா நிற்கிறார்.

"பல்லு வெளக்கியாச்சா? ஏறுங்க. வெயில் ஏறிட்டா வாத்தெல்லாம் தூங்கப் போயிரும்."

"காபி...?"

"கண்மாய்ப் பக்கம் டீக்கடை இருக்கு."

எதிர்க்காற்றில் பாதியும் பைக் சத்தத்தில் பாதியுமாகக் காதில் விழுந்த பாடம் இது. தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015-லிருந்து பொங்கலை ஒட்டி நாலு நாள் இந்தக் கணக்கை எடுக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம். நுழைவுத் தேர்வு கிடையாது. ஓரிடத்தில் குறைந்தது கால் மணி நேரம் நிற்க வேண்டும். கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு 'இ-பேர்ட்' என்பதில் ஏற்ற வேண்டும். அமெரிக்காவின் கார்னெல் பறவை ஆய்வகம் 2002-ல் தொடங்கிய உலகப் பேரேடு அது. செல்போனிலேயே எழுதலாம்.

மாமாவுக்கு செல்போன் மேல் நம்பிக்கை இல்லை. சட்டைப் பையில் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தார். அட்டையில் 'வரவு செலவு' என்று இருந்தது. வீட்டில் மிச்சமான மளிகை நோட்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் கண்மாய். மேற்கே மலை. ஊர்ப் பக்கம் ஆண்டாள் கோயிலின் 192 அடிக் கோபுரம். நடுவில் தளும்பத் தளும்பத் தண்ணீர். இந்தச் சீமையில் கண்மாய் நிறைவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில்தான். அது நிறைகிற நேரத்தில், சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் ஏரிகள் உறைந்து, வாத்துகளின் சோற்றுப்பானைக்கு மூடி போட்டாகிவிடும். அங்கே மூட, இங்கே திறக்க... இந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் வலசை. பங்குனி, சித்திரையில் கண்மாய் வற்றும். வந்தவர்கள் முட்டையிட வடக்கே திரும்பிவிடுவார்கள்.

"அந்தா கறுப்பா மெதக்குதே, அது யாரு, சொல்லுங்க?"

"கோழி!"

"பாதி மார்க். நாமக்கோழி."

உடம்பு முழுக்கக் கறுப்பு. அலகும் அதற்கு மேல் நெற்றியும் மட்டும் சுண்ணாம்பு வெள்ளை. ஆண்டாள் ஊர்த் தண்ணீரில் நாமம் போட்ட கோழி நீந்துவது பொருத்தம்தான். வடகலையா, தென்கலையா என்று யாரும் கோர்ட்டுக்குப் போகக்கூடாது என்று நெற்றி முழுக்கப் பட்டையாகவே பூசிக்கொண்டிருக்கிறது!

அதற்கு அப்பால் சின்னச் சின்ன வாத்துகள். புத்தகத்தில் நீலச்சிறகி. மாமா பாஷையில் கிளுவை. ஆணுக்குக் கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு, பிறை மாதிரி. எடை முந்நூறு, நானூறு கிராம் இருந்தால் அதிகம். அதாவது, என் மனைவி வாங்கிவரச் சொன்ன பால்கோவாவைவிடக் கம்மி. இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்திருக்கிறது. நான் ஸ்லீப்பர் பெர்த்தில் வந்ததற்கே முதுகு வலி.

ஒன்று, இரண்டு என்று எண்ணி நாற்பத்து மூன்றாவது கிளுவைக்கு வந்தபோது, சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழ்வாக வந்தது. அதுவும் குளிருக்கு வந்த விருந்தாளிதான். மற்ற விருந்தாளிகளைச் சாப்பிடுகிற விருந்தாளி! அவ்வளவுதான், என் நாற்பத்து மூன்றும் ஆகாயத்தில் பறந்தது.

"ஒத்தை ஒத்தையா எண்ணாதீங்க. முதல்ல பத்து எண்ணுங்க. அந்தப் பத்து எவ்வளவு எடத்தை அடைக்குதுன்னு மனசிலே வச்சுக்கிடுங்க. அப்புறம் அதே மாதிரி எத்தனை பத்துன்னு பாருங்க" என்றார் மாமா. கல்லூரியில் 'ஸ்டாக் எடுப்பது' பற்றி ஒரு வருஷம் படித்தேன். இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லித் தரவில்லை. திரும்ப உட்கார்ந்தபின் கிளுவை 320 தேறியது.

அப்போதுதான் எதிர்க்கரையில் அதைப் பார்த்தேன். உயரமான வெள்ளைப் பறவை. சிறகில் கறுப்பு. கால் சிவப்பு.

"மாமா! செங்கால் நாரை!"

பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்துவிட்டது. வாடைக் குளிரில் நடுங்கிய சத்திமுத்தப் புலவர், ஜோடியாக வடக்கே திரும்புகிற செங்கால் நாரையிடம் தன் மனைவிக்குச் சேதி சொல்லி அனுப்பினாரே... அதன் அலகைக்கூடப் பனங்கிழங்கோடு ஒப்பிட்டாரே, அதே நாரை! ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் கூடு கட்டுவது. குளிருக்கு இந்தியா வந்தாலும் தமிழ்நாடு வரை எட்டிப் பார்ப்பது அபூர்வம். வந்த முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன்!

மாமா பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கூடுதலாகவே பார்த்தார்.

"அலகு நடுவிலே சந்து தெரியுதா? பாக்குவெட்டி மாதிரி? இது நத்தைகுத்தி நாரை. உள்ளூர் ஆளு. காலு கொஞ்சம் செவந்திருக்கிறதால நீங்க ஏமாந்துட்டீங்க. செங்கால் நாரைக்கு அலகும் ரத்தச் சிவப்பா இருக்கும்."

"நீங்க பாத்திருக்கீங்களா மாமா?"

பதில் சொல்லாமல் டீக்கடைக்கு நடந்தார். கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பாத்திருக்கேன். இருபது வயசு இருக்கும். மூணு வந்துச்சு."

"எந்த வருஷம்?"

"தெரியலை."

"எந்தக் கண்மாய்?"

"அதுவும் நிச்சயமாச் சொல்ல முடியலை. அன்னிக்குக் கையிலே நோட்டு இல்லை மாப்பிள்ளை. துப்பாக்கி இருந்துச்சு."

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முந்தின காலம். கண்மாய் நிறைந்தால் கிளுவையும் உள்ளானும் சுடக் கிளம்பிவிடுவார்களாம்.

"மனசு மாறி விட்டுட்டேன்னு எழுதி என்னைப் பெரிய மனுசனாக்கிராதீங்க. சட்டத்துக்குப் பயந்துதான் விட்டேன். மனசெல்லாம் அப்புறம்தான் வந்துச்சு."

நோட்டை எடுத்து முதல் பக்கத்தைக் காட்டினார். ஒரே ஒரு வரி.

'செங்கால் நாரை. வரவு 3. செலவு 2.'

பழந்தமிழில் செலவு என்றால் காசு கரைவதில்லை, புறப்பட்டுப் போவது. மூன்று வந்தது, இரண்டு போனது. தேதி இல்லை, இடம் இல்லை. மீதி ஒன்றை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்கு பி.காமில் சொல்லித் தரவில்லை. டீயைக் குடித்தேன்.

"எங்களை யாராச்சும் 'எத்தனை பறவை'ன்னு கேட்டா, 'நெறைய'ன்னுதான் சொல்லுவோம். நெறையங்கிறது கணக்கே இல்லை மாப்பிள்ளை. அது கொறைஞ்சப்போ யாருக்கும் தெரியலை. அப்ப மூணு நாரை வந்ததுக்கு இன்னிக்கு நான் ஒருத்தன்தான் சாட்சி. அதையும் யாரு நம்புவா?"

எனக்குப் புரிய ஆரம்பித்தது. எதிரே தெரிகிற மலையில் சாம்பல் நிற மலை அணிலுக்கு 1988-ல் சரணாலயம் வந்தது. அதோடு மேகமலையையும் சேர்த்து 2021-ல் புலிகள் காப்பகம் ஆனது. அங்கே எண்ணுவதற்கு ஆள் இருக்கிறது. தெற்கே நெல்லைச் சீமையில் கூந்தன்குளம் 1994-லிருந்து பறவைகள் சரணாலயம். இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துக்கு மரியாதையாக ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லை. ஆனால், பலகையும் காவலும் இல்லாத சாதாரணக் கண்மாயில் மிதக்கிற நாமக்கோழிக்கு யார் கணக்கு எழுதுவது? மஃப்ளர் கட்டிய மாமாக்கள்தான்!

அந்தக் கணக்கு வீண் போகவில்லை. 2023-ல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 942 வகைப் பறவைகளை எடைபோட்டது. 30,000 பேருக்கு மேல் இப்படி எழுதி வைத்த 3 கோடி பதிவுகள்தான் அதற்கு மூலதனம். 178 வகைகளுக்கு உடனே கவனம் தேவை என்று அது எச்சரித்தது. அபூர்வப் பறவையைத் தேடி ஓடுகிறவர்களால் மட்டும் இந்தக் கணக்கு வராது. தினசரிப் பறவையை எண்ணுகிறவர்களும் வேண்டும்.

செல்போனில் பட்டியலை ஏற்றும்போது கடைசியாக ஒரு கேள்வி வந்தது. அடையாளம் தெரிந்த பறவைகள் எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்களா என்று. வெறும் சம்பிரதாயம் என்று நினைத்தேன். மாமா விளக்கினார்.

"அதுக்கு 'ஆமா'ன்னு சொன்னாத்தான் நாம எழுதாததுக்கும் அர்த்தம் உண்டு. இன்னிக்கு இந்தக் கண்மாயிலே நாங்க தேடினோம், செங்கால் நாரை எங்க கண்ணுலே படலைன்னு அர்த்தம்."

'ஆமாம்' என்று அழுத்தினேன்.

சாயங்காலம் ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோயில் பக்கம் போனோம். வழியில் சோளக்காட்டுக்கு மேலே சூறைக்குருவிக் கூட்டம், புகை மாதிரி சுருண்டு விரிந்துகொண்டிருந்தது. மத்திய ஆசியாவிலிருந்து வருகிற, ரோஜா நிற உடம்புக்காரர்கள். பத்துப் பத்தாக எண்ணினேன். பத்து, சுருண்டது. இருபது, விரிந்தது. மாமா சிரித்துவிட்டார். "இதுக்கு நூறு நூறா எண்ணணும்!"

மலையடிவாரத்தில் மாந்தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்தினார். இருட்டத் தொடங்கியது. ஒன்றும் தெரியவில்லை. எனக்குப் பசி.

"உஸ்..."

புதருக்குள்ளிருந்து இரண்டே சுரத்தில் ஒரு விசில். மறுபடியும் அதே விசில்.

"ஆறுமணிக்குருவி" என்றார் மாமா, கிசுகிசுப்பாக. வட இந்தியாவிலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டு, குளிருக்குத் தெற்கே வருவது. விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி சுமாருக்குக் கூவுவதால் அந்தப் பெயர். பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று ஏகப்பட்ட வண்ணங்களாம். எனக்கு ஒரு வண்ணமும் தெரியவில்லை.

"பாக்கலையே மாமா?"

"கேட்டதும் கணக்குதான். எழுதுங்க. என் கண்ணுக்குக் கோடு தெரியலை."

நோட்டை என்னிடம் நீட்டினார். 'ஆறுமணிக்குருவி. வரவு 1' என்று எழுதி மூடப் போனேன். மாமா கையைப் பிடித்துக்கொண்டார்.

"தேதி போடுங்க. எடம் போடுங்க. நேரம் போடுங்க."

தேதி போட்டேன். இடம் போட்டேன். நேரம், ஆறு மணி என்று எழுதினேன்.

"ஆறுமணிக்குருவின்னா ஆறுன்னு போட்டுருவீங்களா? கணக்குப் படிச்சவருதானே நீங்க? வாட்சைப் பாருங்க மாப்பிள்ளை!"

பார்த்தேன். 6.04.

அடித்துவிட்டு, திருத்தி எழுதினேன்.