பாருக்கும் காலுக்கும் நடுவே

"வளர்ற பையன்தானே, கொஞ்சம் பெரிசாவே வாங்கிடலாம்."

ஸ்கூல் பேண்ட்டை நீளமா எடுத்து மடிச்சுத் தைக்கிற கணக்கை மலை சைக்கிளுக்கும் போட்ட புண்ணியவான் நான்தான். பையனுக்கு அப்போ 12 வயசு. கடையில ஏறி நின்னு பாத்துட்டு, "அப்பா, கால் சரியா ஊனலைப்பா"ன்னான். சைக்கிளை ஒரு பக்கம் சாய்ச்சு நுனிக்கால்ல நின்னுட்டிருந்தான். "ஆறு மாசத்துல எட்டிடும்டா"ன்னு சொல்லி கார்டைத் தேய்ச்சாச்சு. 29 இஞ்ச் சக்கரம், பாக்கவே கம்பீரம். இன்னும் நாலு வருஷத்துக்கு சைக்கிள் செலவு இல்லைன்னு எனக்கு ஒரே சந்தோஷம்.

புனேயில எங்க வீட்டுக்குக் கிட்ட ஒரு டெக்டி இருக்கு. டெக்டின்னா மராத்தியில சின்னக் குன்று. மூணாவது ஞாயித்துக்கிழமை அங்க கூட்டிட்டுப் போனேன். ஏத்தத்துல ஒரு கல்லு முட்டி முன் சக்கரம் நின்னுடுச்சு. பையன் சட்டுனு இடது காலை ஊனினான். அந்தப் பக்கம் மழையில மண் அரிச்சு ஒரு சாண் பள்ளம். கால் தரையைத் தேடிப் போக, மொத்த உடம்பும் பார் மேல இறங்கிடுச்சு. எங்க அடின்னு சொல்ல வேண்டியதில்லை. கத்தக்கூட இல்லை, அப்படியே சுருண்டுட்டான்.

ஆஸ்பத்திரி, ஸ்கேன், காத்திருப்பு. நான் வேண்டிக்காத சாமி பாக்கி இல்லை. கடைசியில டாக்டர் வந்து, "வெறும் வீக்கம்தான், பயப்பட ஒண்ணுமில்லை"ன்னதும்தான் மூச்சு வந்துது. தங்கமணி அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. வீட்டுக்கு வந்தப்புறம் கேட்டா: "எட்டலைன்னு அவன் கடையிலேயே சொன்னானாமே?"

பதில் இல்லை.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். நாமெல்லாம் அப்பாவோட சைக்கிள்ல குரங்குப் பெடல் அடிச்சுத்தானே கத்துக்கிட்டோம்? ஏன் அப்படி ஓட்டினோம்? பார் தரைக்குப் படுக்கையா, நம்ம இடுப்பு உயரத்துல இருக்கும். அதைத் தாண்டிக் கால் போட வழியில்லை, அதனால அடியில நுழைச்சோம். எட்டாத பாருக்கு மேல போகக்கூடாதுன்னு எட்டு வயசுல எனக்குத் தெரிஞ்சிருக்கு. நாப்பதுல மறந்துட்டேன்.

அப்புறம்தான் உக்காந்து அளந்தேன். ஓட்டும்போது போடுற ஷூவோட பையனை சுவர்ல சாய்ஞ்சு நிக்க வெச்சு, கால் நடுவுல ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை சீட்டு மாதிரி மேல அழுத்திப் பிடிச்சா, தரையிலேர்ந்து 70 செ.மீ. சைக்கிள் பார் 75! இடைவெளி விடுறதுக்குப் பதிலா 5 செ.மீ. கடன் வாங்கியிருந்தோம்.

சமமான ரோட்டுல ஓட்டுற சைக்கிளுக்கு 2, 3 செ.மீ. இடைவெளி போதும். மலை சைக்கிளுக்குக் குறைஞ்சது 5 வேணும், கூட இருந்தா இன்னும் நல்லது. காரணம் சிம்பிள்: சக்கரம் கல்லு மேல நிக்கும், நம்ம கால் பள்ளத்துல இறங்கும். காட்டுப்பாதையில நாம இறங்குற இடத்தை நாம முடிவு பண்றதில்லை.

சரி, அப்ப இடைவெளிதான் எல்லாமேவா? இங்கதான் என் ரெண்டாவது கூத்து. பயந்துபோய் எனக்கு வாங்கினப்போ இதை மட்டுமே பாத்தேன். என் அளவு 80. கடையில ஸ்மால் 70, மீடியம் 72, லார்ஜ் 74. மூணுமே பாஸ்! இருக்கறதுலேயே அதிக இடைவெளின்னு ஸ்மால் எடுத்தேன். ஒரு மணி நேரம் ஓட்டினா முதுகு கூன் விழுந்த மாதிரி வலி. திரும்பும்போது முட்டி ஹேண்டில்பார்ல இடிக்குது. சீட்டைத் தூக்கித் தூக்கிப் பாத்துட்டு, மெக்கானிக்கிட்ட போனேன். சிரிச்சுட்டே இந்தியில சொன்னார்: "சீட்டைத் தூக்கினா உயரம் வரும் சாப், நீளம் எங்கேர்ந்து வரும்?"

விஷயம் அதுதான். அந்தக் காலப் படுக்கை பார் சைக்கிள்ல, 22 இஞ்ச், 24 இஞ்ச்னு பிரேம் அளவு கூடினா பாரும் கூடவே உயரும். நின்னு பாத்தாலே அளவு தெரிஞ்சுடும். இப்போ மலை சைக்கிள்ல பார் பின்பக்கம் சரிஞ்சு இறங்குது. அதனால ஒரே ஆளுக்கு மூணு சைஸும் தாண்டும். எது பொருந்தும்னு சொல்றது நீளம்தான்: பெடல் அச்சுக்கு நேர் மேலேர்ந்து, முன்னாடி ஹேண்டில் குழாயோட உச்சி வரைக்கும் உள்ள தூரம். ரீச்னு போட்டிருப்பாங்க.

ஆக, பார் இடைவெளி ஒரு நுழைவுத் தேர்வு. பெயிலானா அந்த சைக்கிள் வேண்டவே வேண்டாம். பாஸானா மட்டும் போதாது, அப்புறம் நீளம் பாக்கணும். பார் சரிவா இருக்கறதால எந்த இடத்துல அளந்தாங்கங்கறதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அட்டவணையை மட்டும் நம்பாம, நேர்ல ஏறி நின்னு பாருங்க.

பையனுக்கு சின்ன சக்கரம் வெச்ச வேற சைக்கிள் வாங்கினோம். பார் 64 செ.மீ. ரெண்டு காலும் முழுசா ஊனி நின்னான். ஹேண்டில்பாரைப் பிடிச்சு, உக்காந்து, எழுந்து, ஒரு ரவுண்டு போயிட்டு வந்து, "இப்ப ஓகேப்பா"ன்னான்.

அதுவரைக்கும் கார்டை வெளிய எடுக்கலை.

டிஸ்கி: பழைய சைக்கிள் பால்கனியில நிக்குது. விக்கலாம்னு சொன்னேன். "இருக்கட்டும்ப்பா, எட்டும்போது ஓட்டறேன்"னுட்டான். இந்தத் தடவை சரின்னுட்டேன்.