ஒரு போத்தல் பியரும் ஒரு நாட்கூலியும்

பேராதனையில் என்னோடு கலைப்பீடத்தில் பயின்று, இப்போது இலண்டனில் குடியிருக்கும் நண்பரொருவர் அண்மையில் தொலைபேசியில் ஒரு பெருங்குறையைச் சொன்னார். பிரித்தானியாவில் ஒரு பைன்ட் பியரின் சராசரி விலை ஐந்து பவுணைத் தாண்டிவிட்டதாம். இலண்டன் நகரின் நடுவே ஏழு பவுண் வரை கேட்கிறார்களாம். "இனித் தேநீர்தான் நமக்குக் கதி" என்று அலுத்துக்கொண்டார். தேயிலை விளையும் மலையில் இருப்பவனிடம் இதைச் சொல்கிறோமே என்ற எண்ணம் அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை.

அவர் சொன்னதில் பொய்யில்லை. பியர்ப் பிரியர்களின் திருத்தலமாகிய மியூனிக் நகரின் ஒக்டோபர் விழாவில், 2025ஆம் ஆண்டு ஒரு லீற்றர் பியர் 14.50 யூரோ முதல் 15.80 யூரோ வரை விற்றது. 2022இல் உக்ரேன் போர் மூண்ட பின் தானியமும் எரிவாயுவும் விலையேறின. கூலியும் வாடகையும் ஏறின. அத்தனையும் கடைசியில் குடிப்பவரின் குவளையில்தான் வந்து விழுகின்றன.

ஆனால் விலையைப் பணத்தால் மட்டும் அளப்பது அரைக்கணக்கு. அந்தப் பணத்தை ஈட்ட எவ்வளவு நேரம் உழைக்கவேண்டும் என்று கேட்டால்தான் கணக்கு முழுமை பெறும். 2025 ஏப்ரலில் பிரித்தானியாவின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுணாக உயர்ந்தது. அப்படியானால் அங்கே மிகக் குறைந்த கூலி பெறுபவரும் இருபத்தைந்து நிமிட உழைப்பில் ஒரு பைன்ட் வாங்கிவிடலாம். ஜேர்மனியில் அவ்வாண்டின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.82 யூரோ. விழாக்காலக் கொள்ளை விலையிலும் ஒரு லீற்றருக்கு ஒன்றேகால் மணி நேர உழைப்பு போதும்.

இனி எங்கள் ஊவாவுக்கு வருவோம். கொழும்பிலிருந்து வந்த சக பத்திரிகையாளர் ஒருவரோடு சில வாரங்களுக்கு முன் எல்லவுக்குப் போயிருந்தேன். பதுளையிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரப் பயணம். ஒரு காலத்தில் உறங்கிக் கிடந்த அந்தச் சிற்றூரின் வீதியெங்கும் இன்று வெளிநாட்டவர் கூட்டம். கடைக்குக் கடை இசையும் வண்ண விளக்கும். நாங்கள் உட்கார்ந்த இடத்தில் ஒரு பெரிய போத்தல் பியர், சேவைக் கட்டணமும் வரியும் சேர்ந்து 1,200 ரூபாவை நெருங்கியது. ஏறத்தாழ ஒரு பைன்ட் அளவுதான். பக்கத்து மேசையில் இருந்த ஐரோப்பிய இளைஞர்கள், "என்ன மலிவு!" என்று வியந்துகொண்டிருந்தார்கள்.

அந்த மேசையிலிருந்து பார்த்தால் எதிர்ச்சரிவில் தேயிலை தெரியும். அங்கே கொழுந்து பறிப்பவரின் கணக்கு வேறு. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடி 2021இல்தான் அதைப் பெற்றார்கள். 2024 செப்டெம்பரில் அது 1,350 ரூபா ஆயிற்று. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்கி, அரசு தரும் 200 ரூபா வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 ரூபா என்று அறிவித்தார்கள். அந்த முழுத்தொகையும் கைக்கு வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர வேலை நாளில் ஐந்தரை மணி நேர உழைப்பு, எல்லவில் ஒரு போத்தல் பியர்.

தோட்டத்தார் எல்லவுக்குப் போய்ப் பியர் குடிக்கிறார்களா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. பியர் என்றைக்கும் எங்கள் லயத்துக் குடியாக இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நுவரெலியாவின் குளிரில் வெள்ளைக்காரர்கள் வடித்த பானம் அது; துரைமாரின் கிளப்புகளுக்கு உரியதாயிருந்தது. தொழிலாளிக்கென்று வாய்த்தவை சாராயத் தவறணையும் கள்ளுத் தவறணையும். தவறணையைக் குத்தகைக்கு விட்டுப் பணம் பார்த்தது வெள்ளைக்கார அரசு. கூலியாகக் கொடுத்ததில் ஒரு பங்கைச் சாராயத்தின் வழியே திரும்ப வாங்கிக்கொள்ளும் அந்த ஏற்பாடு, ஆட்சிகள் மாறிய பின்னும் மாறவில்லை.

2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் மதுவரி அடுத்தடுத்து ஏறியது. 2023 ஜனவரியில் 20 சதவீதம், பின்னரும் சில தடவை, 2025 ஜனவரியில் ஏறத்தாழ 6 சதவீதம். இதற்கு முன் ஒரு தடவை வேறுவிதமாகச் சிந்தித்தார்கள். 2017 நவம்பரில் நிதியமைச்சர் மங்கள சமரவீர மதுசாரத்தின் அளவுக்கேற்ப வரியை மாற்றியமைத்தபோது பியரின் விலை இறங்கியது. வன்மதுவிலிருந்து மக்கள் மென்மதுவுக்கு நகரட்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அடுத்து வந்த வரியேற்றங்களில் அந்த நியாயம் கரைந்துபோயிற்று.

விலையேறினால் குடி குறையும் என்பது பொருளியல் பாடம். பொதுவில் அது உண்மைதான், மறுக்கமாட்டேன். ஆனால் என்னோடு தோட்டப் பாடசாலையில் படித்த ஒருவனின் கதையையும் சொல்லவேண்டும். பசறைப் பக்கம் கவ்வாத்து வேலை செய்துவந்தான். சம்பள நாளில் கால் போத்தல் சாராயம், அதோடு சரி. சாராயம் கைக்கு எட்டாமல் போனதும் கசிப்புக்கு மாறினான். கசிப்புக்குச் சம்பள நாள் என்ற கணக்கில்லை, கடனுக்கும் கிடைக்கும். இரண்டே ஆண்டுகளில் ஈரல் கெட்டு, ஐம்பத்து மூன்று வயதில் போய்ச்சேர்ந்தான். துக்கம் விசாரிக்கப் போனபோது அவன் மனைவி சொன்னாள்: "வெல கூடுனா விட்டுருவாருன்னு நெனச்சேண்ணே. குடி கொறையல, சோறுதான் கொறஞ்சிச்சு."

இந்த ஒரு வாக்கியத்தை எந்த நிதியமைச்சின் அறிக்கையிலும் நான் வாசித்ததில்லை.

ஒரு கையால் விலையை ஏற்றிய அரசு, மறு கையால் என்ன செய்தது? 2024இல் வழங்கப்பட்ட புதிய மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் அவ்வாண்டு டிசெம்பரில் நாடாளுமன்றத்தில் வெளியிடப்பட்டது. முந்நூறுக்கும் மேல்! மக்களின் நலனுக்காகத்தான் வரி என்றால், கடைகள் பெருகியது யாருடைய நலனுக்காக?

பியரை மலிவாக்குங்கள் என்று நான் எழுதவில்லை. குடியால் சிதைந்த குடும்பங்களை முப்பது வருடப் பத்திரிகைத் தொழிலில் நிறையவே கண்டிருக்கிறேன். நான் கேட்பது வேறு. மதுவரியாகத் தோட்டங்களிலிருந்து திரட்டும் பணத்தில் ஒரு பகுதியேனும் தோட்டங்களுக்குத் திரும்பட்டும். குடியை விட விரும்புபவன் வேலைநாளை இழக்காமல் போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு சிகிச்சை நிலையம் வேண்டும். கசிப்பு காய்ச்சுபவனைப் பிடிக்கிற அதே வேகத்தில், அதைக் குடித்து விழுந்தவனைத் தூக்கிவிடவும் ஆள் வேண்டும். அதுவரை இந்த விலையேற்றத்துக்குச் சுகாதாரம் என்று பெயர் வைப்பது பொருந்தாது. அது வசூல், நூறு வருடத்துக்கு முந்திய தவறணைக் குத்தகையின் இன்றைய உருவம், அவ்வளவுதான்.