இரண்டாவது கியரில் மழை

சியாட்டலில் எப்போது பார்த்தாலும் மழை என்பார்கள். கணக்கெடுத்தால் சென்னையில்தான் கூடுதலாகப் பெய்கிறது. இங்கே ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர். அங்கே சராசரியாக ஆயிரத்துக்குள்தான். பெய்யும் விதம்தான் வேறு. நம் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். அங்கே அக்டோபரில் பிடிக்கும் தூறல் மறு ஆண்டு வசந்தம் வரை விட்டு விட்டுத் தொடரும். வெள்ளம் தேங்காது, தரையும் காயாது. தாரின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நாள்கணக்கில் அப்படியே கிடக்கும். ஊர் திரும்பி இத்தனை காலம் ஆன பிறகும் நான் ஏங்குவது அந்தப் படலத்துக்குத்தான். அதன்மேல், கோன்களுக்கு நடுவே, ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிய ஞாயிற்றுக்கிழமைகளுக்குத்தான்.

அந்த விளையாட்டின் பெயர் ஆட்டோகிராஸ். பழைய விமான ஓடுதளமோ பரந்த கார் நிறுத்துமிடமோ கிடைத்தால் போதும். ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கோன்களை அடுக்கி, வளைந்து நெளியும் ஒரு தடம் அமைப்பார்கள். பக்கத்தில் முட்டி மோத இன்னொரு வண்டி கிடையாது. போட்டி கடிகாரத்தோடு மட்டும். ஓட்டம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்; நேரத்தை ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளப்பார்கள். ஒரு கோனைத் தட்டினால் 2 நொடி தண்டம். இரு கோன்களுக்கு நடுவே உள்ள ஒரு வாசலைத் தவறவிட்டால் அந்த ஓட்டம் கணக்கிலேயே சேராது. 1944-ல் தொடங்கிய எஸ்.சி.சி.ஏ. என்ற அமெரிக்க அமைப்பு இதை ‘சோலோ’ என்ற பெயரில் நடத்துகிறது. அதன் தேசியப் போட்டி ஒவ்வொரு செப்டம்பரிலும் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் நடக்கிறது. ஒரு பழைய விமானத்தளத்தின் காங்கிரீட் பரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடுவார்கள். நான் அங்கெல்லாம் போனதில்லை. எனக்கு பிரெமர்ட்டன் போதுமாக இருந்தது.

சியாட்டல் துறையில் காரோடு படகேறினால் ஒரு மணி நேரத்தில் பிரெமர்ட்டன். கடற்படைத் தளத்தின் சாம்பல் நிறக் கப்பல்களைத் தாண்டிக் கரை இறங்கி, ஊசியிலைக் காட்டுக்கு நடுவே சிறிது தூரம் போனால் அந்த ஊரின் விமான நிலையம் வரும். அந்த வளாகத்தில்தான் எங்கள் தடம். மழை என்று யாரும் வராமல் இருந்ததில்லை, நிகழ்ச்சியைத் தள்ளிவைத்ததும் இல்லை. நனைந்தபடியே காரிலிருந்து ஜாக்கி, தரைவிரிப்பு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் இறக்கி, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகளில் அடைத்து வைப்போம். கதவில் ஒட்டிய நீலநிற டேப் எண்கள் ஈரத்தில் உரிந்து தொங்கும். பிறகு தடத்தை நடந்து பார்ப்போம். உலர்ந்த நாளில் அந்த நடையின்போது வளைவுகளை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். மழை நாளில் தரையைப் படிக்க வேண்டும். காங்கிரீட் பலகைகளின் இடுக்கை அடைத்த தார்க்கோடுகள் நனைந்தால் வழுக்கும். பழைய ஓடுதளத்து வெள்ளைப் பெயின்ட் அதைவிட மோசம். கோடை முழுவதும் காய்ந்து கிடந்த தரையில் முதல் மழை விழும்போது எண்ணெய்ப் பிசுக்கு மேலே வந்துவிடும். நன்றாகப் பெய்து அது கழுவப்பட்ட பிறகு அதே இடம் நம்பகமாகிவிடும். எந்தக் கோனுக்கு அருகே நீர் ஓடுகிறது, எங்கே குழி என்று குனிந்து பார்த்து, ஷூ அடியால் தேய்த்துப் பார்த்து நடப்பேன். ஒரு நிலத்தை அத்தனை கவனமாக நான் வேறு எதற்காகவும் பார்த்ததில்லை.

என் கார் மாஸ்டா மியாட்டா. 1989-ல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான வகையின் முதல் தலைமுறை. ஆயிரம் கிலோவை ஒட்டிய எடை, 1.6 லிட்டர் என்ஜின், பின்சக்கர இயக்கம், மடங்கி எழும் முகப்பு விளக்குகள். பவர் ஸ்டீயரிங் இல்லை. வழுக்கும்போது குறுக்கிட்டுக் காப்பாற்றும் எலெக்ட்ரானிக் துணை எதுவும் இல்லை. சாலையில் அதைக் குறை என்று சொல்லலாம். மழையில் ஆட்டோகிராஸுக்கு அதைவிட நல்ல காரை நான் அறியேன்.

காரணம் ஸ்டீயரிங். முன்சக்கரங்கள் பிடிப்பின் எல்லையை நெருங்கும்போது, சக்கரத்தை நேராக்கப் பார்க்கும் விசை முதலில் தளர்கிறது. பிடிப்பு உண்மையில் விட்டுப்போவதற்குச் சற்று முன்பே அது நடந்துவிடும். கையில் கனமாக இருந்த ஸ்டீயரிங் சட்டென்று லேசாகும். அதுதான் எச்சரிக்கை. உலர்ந்த தரையில் இதெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடிந்துவிடும். கை உணர்வதற்குள் கோன் பறந்திருக்கும். ஈரத்தில் எல்லாமே தாழ்ந்த வேகத்தில், நிதானமாக நடக்கிறது. மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டரில் ஒரு கார் பிடிமானத்தை எப்படி இழக்கிறது, எப்படித் திரும்பப் பெறுகிறது என்பதை ஒவ்வொரு படியாக உணர முடியும். நான் கற்றதெல்லாம் அந்த நிதானத்தில் கற்றதுதான்.

முதல் மழை நாளில் என் பக்கத்து இருக்கையில் ஒரு முதியவர் உட்கார்ந்து வந்தார். புதியவர்களுக்குக் கற்றுத்தரத் தாமாக முன்வருபவர்கள் அங்கே எப்போதும் இருப்பார்கள். அவர் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்: “திரும்பப் போகிறீர்கள் என்று வண்டிக்கு முதலில் சொல்லுங்கள். அப்புறம் திருப்புங்கள்.” ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சற்றுத் தளர்த்த வேண்டும், எடை முன்னே சாயும், முன்டயர்கள் தரையில் அழுந்தும். அதன் பிறகுதான் கை அசைய வேண்டும். தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் கிடத்தும் பக்குவம் அது. பிரேக்கையும் வளைவையும் கலக்காமல், நேர்கோட்டிலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பார்வை அடுத்த கோனில் நிற்காமல் அதற்கும் அடுத்ததில் இருக்க வேண்டும். பின்பக்கம் மெல்ல விலகும்போது பதறாமல் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் விட்டுக்கொடுத்தால், வண்டி தானே வந்து சேரும். அது வந்து சேரும் அந்தக் கணம் முதுகில் தெரியும். என் உடம்பு அதை இன்னும் வைத்திருக்கிறது.

இவ்வளவும் பெரும்பாலும் இரண்டாவது கியரில் நடப்பது. என் காரில் இரண்டாவது கியரின் உச்சம் 90 கிலோமீட்டரை ஒட்டி. நீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு, நாசாவில் பணியாற்றிய வால்டர் ஹார்ன் 1960-களில் ஓர் எளிய சூத்திரம் தந்தார்: டயர் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை மைல். அழுத்தம் 36 பவுண்டு என்றால் 62 மைல், அதாவது 100 கிலோமீட்டர். ஆழமாகத் தேங்கிய நீருக்கான கணக்கு அது. தேய்ந்த டயர் அதற்கு முன்பே மிதந்துவிடும். என்றாலும் இரண்டாவது கியரின் எல்லை அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே அமைந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம். மழை நாளில் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவேன். ஷாக் அப்சார்பர்களை இளக்கி வைப்பேன்.

மழையில் குதிரைத்திறன் செல்லாது. நானூறு குதிரைத்திறன் கொண்ட கார்கள் ஆக்ஸிலரேட்டரைப் பாதிக்கு மேல் மிதிக்க முடியாமல் தவிக்கும்போது, முன்சக்கர இயக்கமுள்ள சாதாரண ஹேட்ச்பேக்கில் வந்த கல்லூரிப் பெண் அவற்றைத் தாண்டிவிடுவார். நான்கு சக்கர இயக்கமுள்ள சுபாருக்காரர்கள் முகமலர்ச்சியோடு வருவார்கள். மதியம் தூறல் நின்று, கார்கள் ஓடி ஓடித் தடத்தில் உலர்ந்த கோடு ஒன்று உருவானால், கடைசியாக ஓடும் குழுவுக்கு யோகம். அதையும் யாரும் குறையாகச் சொல்லமாட்டார்கள்.

ஒரு சுற்று ஓட்டினால் இன்னொரு சுற்று வேலை பார்க்க வேண்டும் என்பது விதி. சிவப்புக் கொடியும் வாக்கி டாக்கியுமாகத் தடத்தின் ஓரம் நிற்போம். விழுந்த கோனை ஓடிப்போய் அதன் இடத்தில் வைக்க வேண்டும். இடம் தெரிவதற்காக ஒவ்வொரு கோனைச் சுற்றியும் சாக்குக்கட்டியால் கட்டம் போட்டிருப்பார்கள். நகர்ந்தாலும் அடிப்பாகம் அந்தக் கட்டத்தைத் தொட்டுக்கொண்டு நின்றால் தண்டம் கிடையாது. மழை அந்தக் கட்டங்களை அழித்துவிடும். தடத்தைக் காட்டத் தூவிய மைதாமாவும் பசையாகிக் கரையும். அப்போது முன்பின் தெரியாத இரண்டு பேர் நனைந்தபடி நின்று, “இங்கேதான் இருந்தது”, “இல்லை, ஒரு சாண் தள்ளி” என்று நேர்மையாகப் பேசி முடிவெடுப்போம். யாரோ ஒருவருடைய இரண்டு நொடி எங்கள் கையில் இருந்தது. அதை எவரும் அலட்சியமாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அந்த மனிதர்களையும் தேடுகிறேன்.

ஊர் திரும்பியபோது காரை விற்றுவிட்டேன். இடப்பக்க ஸ்டீயரிங், மூன்று ஆண்டுக்கு மேல் பழசு. இரண்டுமே இந்திய இறக்குமதி விதிகளுக்கு ஒவ்வாதவை. இங்கே கார்ப் பந்தயம் இல்லாமல் இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சோழவரம் விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் பந்தயம் ஓடியிருக்கிறது. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் இருக்கிறது. ஆட்டோகிராஸ் என்ற பெயரிலும் போட்டிகள் உண்டு; பெரும்பாலும் மண் தடத்தில். நான் தேடுவது இன்னும் எளியது. மழை நாளில் பழைய மகாபலிபுரம் சாலையில் போகும்போது ஸ்டீயரிங் லேசாவதை என் கை காத்திருந்து பார்க்கிறது. பொதுச் சாலையில் அது வரவே கூடாது என்பதும் தெரியும். பக்கத்தில் பைக்கில் குழந்தையோடு ஒருவர் போகிறார். அந்தச் சாலையில் பிடிப்பின் எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போக எவருக்கும் உரிமையில்லை. வழுக்கிப் பழக, யாருக்கும் ஆபத்தில்லாத ஓர் இடம் வேண்டும். பிரெமர்ட்டனில் அது எனக்குக் கிடைத்தது, இங்கே இல்லை.

செங்கல்பட்டுப் பக்கமோ ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமோ ஏதாவது ஒரு தொழிற்சாலையின் விரிந்த தளம் ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் கிடக்கும். நூறு கோன், ஒரு கடிகாரம், ஹெல்மெட், காப்பீடு, ஓர் ஆம்புலன்ஸ். வீட்டு மாருதியையே கொண்டு வரலாம். யாராவது தொடங்கினால் கோன் எடுத்து வைக்க நான் வருகிறேன். ஐப்பசியில் நடத்துங்கள், மழை வந்தால் தள்ளிவைக்காதீர்கள்.