செத்தது சர்க்கரையல்ல, ருசி

இரண்டு இலைகளை நன்றாக மென்று, வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரையைப் போட்டுப் பாருங்கள். மணல்தான் நெறநெறக்கும். வெல்லம் களிமண்ணாகிவிடும். உப்பும் புளிப்பும் வழக்கம்போலத் தெரியும். இனிப்பு மட்டும் அரை மணி நேரத்துக்குக் காணாமல் போய்விடும்.

மத்திய இந்தியாவிலும் தெற்கிலும் காடுகளில் படரும் இந்தக் கொடிக்கு இந்தியில் குட்மார் என்று பெயர். வெல்லத்தைக் கொல்வது என்று பொருள். சமஸ்கிருதத்தில் மதுநாசினி. தமிழிலும் சர்க்கரைக்கொல்லி என்பார்கள். சித்த மருத்துவர்கள் மட்டும் வன்முறையில்லாமல் சிறுகுறிஞ்சான் என்கிறார்கள்.

1887-ல், ஊட்டியில் சென்னை மாகாண அரசின் ரசாயன நிபுணராக இருந்த டேவிட் ஹூப்பர் இந்த இலையை ஆராய்ந்து, மாயம் செய்யும் பொருளைப் பிரித்தெடுத்தார். அதுதான் ஜிம்னெமிக் அமிலம். நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பிகளில் அது ஒட்டிக்கொள்கிறது. சர்க்கரை வந்து கதவைத் தட்டினாலும் மூளைக்குத் தகவல் போவதில்லை. சீன இலந்தை இலையில் உள்ள ஸிஸிபினுக்கும் இதே வேலைதான். ஆனால் அதன் ஆட்டம் சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

சிக்கல் பெயரில் இருக்கிறது. செத்தது சர்க்கரையல்ல, அதன் ருசி. இலையை மென்றுவிட்டு லட்டு தின்றால் நாக்குக்கு அது மண். ரத்தத்துக்கு அது லட்டுதான். 'சர்க்கரையே செத்துவிட்டது, இனி ஊசி எதற்கு?' என்று நினைக்கும் நீரிழிவு நோயாளிக்கு இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்னை.

இலைக்கு மருத்துவ குணமே இல்லை என்பதல்ல. 1990-ல் சென்னைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், மாத்திரை சாப்பிட்டுவந்த 22 நோயாளிகளுக்கு இலைச் சாரத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 18 முதல் 20 மாதங்களில் ஐந்து பேரால் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் மீதி 17 பேருக்கு மாத்திரை தேவைப்பட்டது என்பதும் அதே ஆய்வு சொல்லும் செய்தி. தவிர, 22 பேரை வைத்து நாட்டுக்கே மருந்துச் சீட்டு எழுத முடியாது. மருந்தோடு இலையும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிட்டால் அதுவும் ஆபத்து.

இனிப்பைக் கண்டால் கை நீளுகிறவர்களுக்கு இலை ஒரு நல்ல கடிவாளம். மென்று பார்ப்பதில் தவறில்லை. ஊசியையும் மாத்திரையையும் நிறுத்துவதா என்பதை மட்டும் ரத்தப் பரிசோதனையும் டாக்டரும் முடிவு செய்யட்டும். அந்த விஷயத்தில் நாக்கின் சாட்சி செல்லாது.