இதய நோயாளிகளின் ஊர்

ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரிலிருந்து வடக்கே ரயில் ஏறினால், சுமார் அரை மணி நேரத்தில் பாட் நௌஹைம் வந்துவிடும். ஜெர்மன் மொழியில் 'பாட்' என்றால் குளியல். ஊர்ப் பெயருக்கு முன்னால் இந்தச் சொல் ஒட்டியிருந்தால், மருத்துவக் குளியலுக்குப் பேர்போன ஊர் என்று அர்த்தம். நௌஹைமுக்கு இந்தப் பட்டம் 1869-ல் கிடைத்தது. மூட்டு வலிக்கு ஓர் ஊர், மூச்சுத் திணறலுக்கு ஓர் ஊர் என்று ஜெர்மனியில் இப்படி நிறைய உண்டு. நௌஹைம், இதயத்துக்கான ஊர்.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் நேராக ஒரு சாலை. அதன் முடிவில் ஸ்ப்ரூடல்ஹோஃப், அதாவது ஊற்று முற்றம். நடுவே நுரைத்து எழும் வெந்நீர் ஊற்றுகள், இரு பக்கமும் குளியல் மாளிகைகள். கட்டடக் கலைஞர் வில்ஹெல்ம் யோஸ்ட் 1905-ல் தொடங்கிக் கட்டியது. சுவரெங்கும் அலைகள், மீன்கள், கடல் பிராணிகள். காத்திருக்கும் கூடங்களில்கூட வண்ண ஓடுகள் மின்னுகின்றன. அதையெல்லாம் தாண்டிப் போனால் பெரிய பூங்கா. ரயிலிலிருந்து இறங்கிய நோயாளி வழி தேடி அலையாமல், நேராக நடந்தே குளியலுக்கும் பூங்காவுக்கும் போய்ச் சேரலாம்.

இந்த ஊரின் தண்ணீர் உப்புத் தண்ணீர். கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே கெல்ட் இன மக்கள் உப்பு காய்ச்சியிருக்கிறார்கள். பிற்காலத்தில் உப்புநீர் தேடி ஆழமாகத் துளை போட்டார்கள். எதிர்பார்த்தபடி நீர் வராததால் ஒரு துளையை அப்படியே கைவிட்டார்கள். 1846 டிசம்பரில் அந்தத் துளையிலிருந்தே தண்ணீர் தானாகப் பீறிட்டுக்கொண்டு வெளியே வந்தது. வெதுவெதுப்பான நீர், கூடவே சோடாவைப் போல கரியமில வாயு. அதன் பிறகு உப்பைவிடக் குளியல்தான் ஊருக்குச் சோறு போட்டது.

தொட்டியில் படுத்தால் உடம்பெங்கும் சின்னச் சின்னக் குமிழ்கள் ஒட்டிக்கொள்ளும். சில நிமிடங்களில் தோல் சிவக்கும். ரத்தக் குழாய்கள் விரியும், ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கும். குளித்து எழுந்ததும் நடமாடக் கூடாது. போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும். ஆகுஸ்ட், தியோடோர் ஷாட் என்ற மருத்துவச் சகோதரர்கள் இந்தக் குளியலோடு மெதுவான உடற்பயிற்சியையும் சேர்த்தார்கள். நோயாளி கையை மெல்ல உயர்த்துவார். உதவியாளர் தன் கையால் லேசாகத் தடுப்பார். அவ்வளவுதான் பயிற்சி. 'நௌஹைம் குளியல்' என்ற பெயரில் இது ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் பரவியது.

குமிழ் நீர் அடைத்த ரத்தக் குழாயைத் திறக்காது. அது இன்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் போனவர்களில் பலர் தெம்போடு திரும்பினார்கள். அது ஏன் என்பதற்கு அவர்களுடைய அன்றாட அட்டவணையைப் பார்த்தாலே பாதி பதில் கிடைக்கும். காலையில் குளியல், பிறகு கட்டாய ஓய்வு, மாலையில் பூங்காவில் வாத்திய இசை, மெதுவான நடை. கூட நடப்பவர்களும் இதய நோயாளிகள்தான். அங்கே ஒருவர் நடுவழியில் நின்று மூச்சு வாங்கினால் யாரும் பதறமாட்டார்கள். அருகில் வந்து, 'நானும் போன வருஷம் இப்படித்தான் இருந்தேன்' என்று சொல்ல ஆள் இருக்கும். அந்த வாக்கியத்தை எந்த ஊற்றிலும் பாட்டிலில் பிடிக்க முடியாது.

இதயம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. 1898 கோடையில் ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் இங்கே சிகிச்சைக்கு வந்தார். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புதான் அவருடைய ஒரே மகன் ருடால்ஃப் தன் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு அவர் கறுப்பு உடையிலேயே ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். நௌஹைமிலிருந்து கிளம்பிய சில வாரங்களில், ஜெனீவாவில் ஒருவன் கூரான அரத்தால் அவரைக் குத்தினான். குத்து இதயத்தில் இறங்கியது.

1910-ல் ரஷ்யப் பேரரசி அலெக்சாண்ட்ரா வந்தார். பக்கத்து ஊரான ஃப்ரீட்பெர்க் கோட்டையில் குடும்பத்தோடு தங்கி, குளியலுக்கு இங்கே வந்துபோனார். நெஞ்சு படபடப்பு, மூச்சுத் திணறல், களைப்பு. இதயத்தில் பெரிய கோளாறு இல்லை, மனம்தான் தளர்ந்திருக்கிறது என்று சந்தேகித்தவர்கள் உண்டு. அவருடைய ஒரே மகனுக்கு ரத்தம் உறையாத நோய். சின்னக் காயம் பட்டாலும் உயிருக்கு ஆபத்து. வெளியுலகுக்குத் தெரியாமல் அதை மறைத்து வைத்திருந்தார்கள். அப்படியொரு ரகசியத்தைச் சுமந்த தாய்க்கு நெஞ்சு படபடத்ததில் என்ன ஆச்சரியம்!

அமெரிக்க அதிபரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், சிறுவனாக இருந்தபோது இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சில வாரங்கள் படித்திருக்கிறார். அப்பாவுக்கு இதய நோய். கோடையில் குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு வரும். 1891-ல் ஒன்பது வயது ஃபிராங்க்ளினை உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். வீட்டில் ஒருவருக்கு இதயம் பழுதானால் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வரை எல்லாமே மாறிப்போகிறது.

1929-ல் லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த தொழிலதிபர் வில்லியம் கெர்க்ஹாஃப் காலமானார். அவர் இங்கே சிகிச்சை பெற்றவர். மனைவி லூயிஸ் அவர் நினைவாகப் பெரும் பணம் கொடுக்க, இதய ஆராய்ச்சி நிலையம் ஒன்று எழுந்தது. அதன் முதல் இயக்குநர் ஃபிரான்ஸ் க்ரோடல். யூதப் பின்னணி கொண்டவர் என்பதால் 1933-ல் நாஜி ஆட்சியில் நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. நியூயார்க் போனவர், 1949-ல் அமெரிக்க இதயவியல் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பை நிறுவினார். நௌஹைம் இழந்தது பெரிய இழப்பு. ஆனாலும் அந்த நிலையம் நின்றது. இன்று அது மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையம். கெர்க்ஹாஃப் பெயரில் இதய மருத்துவமனையும் இருக்கிறது.

சுற்றுலாப் பயணிகள் பலர் வருவது எல்விஸ் பிரெஸ்லிக்காக. ராணுவச் சேவையின்போது 1958 முதல் 1960 வரை அவர் குடியிருந்தது இந்த ஊரில்தான். ஆகஸ்டில் அவருக்கு விழாவே எடுக்கிறார்கள். 1977 ஆகஸ்ட் 16 அன்று, 42 வயதில், இதயம் நின்று அவர் இறந்தார். சரியாக ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 16 அன்று, ஜூரிச்சில் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்சிக் என்ற ஜெர்மன் மருத்துவர், உலகில் முதல்முறையாக விழித்திருக்கும் நோயாளி ஒருவரின் இதய ரத்தக் குழாய் அடைப்பைக் குட்டி பலூனால் விரித்துத் திறந்தார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை, தேதிப் பொருத்தம்தான். ஆனால் குளியல் ஊர்களின் பொற்காலம் அந்த பலூனோடு முடிந்தது என்று சொல்லலாம்.

அப்படியானால் இன்று எதற்காக இங்கே நோயாளிகள் வருகிறார்கள்? ஸ்டென்ட் வைத்து, பைபாஸ் முடித்து வருகிறார்கள். ஜெர்மனியில் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகும் முன்போ, போன சில நாட்களிலோ, சுமார் மூன்று வாரம் மறுவாழ்வு மையத்தில் தங்குவது வழக்கம். செலவைப் பெரும்பாலும் காப்பீடு ஏற்கும். சைக்கிள் மிதிக்கிறார்கள், உப்பில்லாமல் ருசியாகச் சமைப்பது எப்படி என்று கற்றுக்கொள்கிறார்கள். கூடவே மனநல ஆலோசகரோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். இதயத்தையும் மனதையும் சேர்த்துப் பார்க்கும் இந்தத் துறைக்கு 'சைக்கோகார்டியாலஜி' என்று பெயர். நௌஹைமின் கெர்க்ஹாஃப் மருத்துவமனையில் அதற்கென்றே தனிப் பிரிவு உண்டு.

அது ஆடம்பரம் இல்லை. மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தீவிரமான மனச்சோர்வு வருகிறது. அப்படிச் சோர்ந்தவர்கள் மாத்திரையைத் தவறவிடுகிறார்கள், நடப்பதை நிறுத்துகிறார்கள், தேறுவதற்கு அதிகக் காலம் எடுக்கிறது. 2014-ல் அமெரிக்க இதயச் சங்கம், மனச்சோர்வையும் ஓர் ஆபத்துக் காரணியாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

எக்கோவில் எல்லாம் சரி என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருப்பார். ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வரும். கை தானாகப் போய் நாடியைப் பிடிக்கும். இடது தோளில் சின்னச் சுளுக்கு என்றாலும் 'மறுபடியும் வந்துவிட்டதோ' என்று வியர்க்கும். குளியலறைக் கதவைத் தாழ்போடப் பயம். காரணமில்லாமல் அழுகை, கோபம். இத்தனை பேர் பார்த்துக்கொள்ளும்போது சோர்ந்திருப்பது நன்றி கெட்ட செயலோ என்ற குற்ற உணர்ச்சி வேறு. ஆண்கள் இதை வாயைத் திறந்து சொல்வதே அபூர்வம்.

வீட்டில் இருப்பவர்களின் பயம் இன்னொரு பக்கம். 'படி ஏறாதீங்க', 'அதைத் தூக்காதீங்க', 'அவர்கிட்ட எதையும் சொல்லிடாதீங்க' என்று அன்போடு சுற்றிச் சுவர் எழுப்பிவிடுகிறோம். குடும்பத்தை நடத்தியவர் திடீரென்று விருந்தாளியாகிவிடுகிறார். நௌஹைமில் அந்தச் சுவரைத்தான் முதலில் தளர்த்துகிறார்கள். எத்தனை படி ஏறலாம், எத்தனை கிலோ தூக்கலாம் என்பதைப் பரிசோதித்து எண்ணிக்கையாகச் சொல்லிவிடுகிறார்கள். எண்ணிக்கை தெரிந்தால் பயத்துக்கு ஓர் எல்லை வந்துவிடுகிறது.

மனச்சோர்வைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் முதலில் கேட்பது இரண்டே கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில், முன்பு பிடித்த விஷயங்களில் ஆர்வம் குறைந்திருக்கிறதா? மனம் உடைந்து, நம்பிக்கையற்று இருக்கிறீர்களா? ஆமாம் என்றால் அடுத்த பரிசோதனையின்போது இதய டாக்டரிடமே சொல்லலாம். இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம். ஒன்று மட்டும் எச்சரிக்கை: நெஞ்சு வலி வந்தால் 'இது பயமாகத்தான் இருக்கும்' என்று வீட்டிலேயே முடிவு செய்யக் கூடாது. உடனே 108.

நௌஹைமில் நடப்பதற்கு நல்ல இடம், உப்புச் சுவர்கள். மரச் சட்டத்தில் முட்செடிக் குச்சிகளை அடுக்கி, மாடி உயரத்துக்கு எழுப்பியிருக்கிறார்கள். மேலிருந்து உப்புநீர் குச்சிகளின் மேல் சொட்டுச் சொட்டாக வழிந்து இறங்கும். முன்பு உப்பெடுப்பதற்காகக் கட்டியவை. இப்போது அதன் ஓரமாக மெதுவாக நடந்து, கடற்கரைக் காற்று போன்ற ஈரக்காற்றைச் சுவாசிக்கிறார்கள். உட்கார பெஞ்சுகள் உண்டு. இன்னும் கொஞ்சம் தெம்பு வந்தவர்கள் ஊருக்கு மேலே இருக்கும் யோஹானிஸ்பெர்க் குன்றில் ஏறுகிறார்கள். இதய நோயாளியைப் படுக்கையில் போடாமல், அளவு பார்த்துச் சரிவில் நடக்க வையுங்கள் என்று 1880-களிலேயே சொன்னவர் மியூனிக் மருத்துவர் ஓர்டெல். ஜூனில் போகிறவர்கள் ஸ்டைன்ஃபுர்ட் பகுதிக்கும் ஒரு நடை போகலாம். ரோஜா வளர்ப்பதற்கே பெயர்பெற்ற பகுதி அது.

மூன்று வாரம் முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவர்களைச் சும்மா அனுப்புவதில்லை. அவரவர் ஊரில் இயங்கும் 'இதயக் குழு'வில் சேரச் சொல்கிறார்கள். 1960-களில் தொடங்கிய வழக்கம் இது. இன்று ஜெர்மனி முழுக்க ஆயிரக்கணக்கான குழுக்கள். வாரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஏதாவதொரு உடற்பயிற்சிக் கூடத்தில் கூடுவார்கள். கையை வீசி நடப்பார்கள், பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பார்கள். முதலுதவிக் கருவியும் தயாராக இருக்கும். பயிற்சி முடிந்ததும் உடனே கலைய மாட்டார்கள், உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். போன வாரம் யாருக்குத் தூக்கம் வரவில்லை, யார் தனியாகக் கடைக்குப் போய்வந்தார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும்.