ஆவுளியாவுக்கு யார் வால்?

குழந்தைகளுக்குக் கடல் புத்தகம் எழுதும் எங்களுக்கு ஒரு வசதி உண்டு: தெரியாததைச் சொல்லாமல் விட்டுவிடலாம். 'ஆவுளியா கடற்புல் தின்று வாழும் பாலூட்டி' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். யாரும் கேட்கமாட்டார்கள். ஓவியருக்கு அந்த வசதி கிடையாது. வால் எப்படி முடிகிறது, துடுப்பில் நகம் உண்டா, முகவாய் எந்தப் பக்கம் வளைகிறது என்று எல்லாவற்றுக்கும் அவர் கோடு போட்டாக வேண்டும். அதனால் கடல் புத்தகங்களில் பிழை நுழைவது பெரும்பாலும் படத்தின் வழியாகத்தான்.

ஆவுளியா என்னும் கடற்பசுவையே எடுத்துக்கொள்ளுங்கள். கடற்பசுவுக்கு மாதிரிப் படம் தேடும் ஓவியருக்குச் சுலபமாகக் கிடைப்பது ஃபுளோரிடாவின் மானட்டி. அதன் வால் வட்டத் துடுப்பு. ஆவுளியாவின் வால் ஓங்கிலுக்கு உள்ளதுபோல நடுவில் பிளந்தது. முகவாயும் மானட்டியைவிட நன்றாகக் கீழ்நோக்கி வளைந்திருக்கும், கடலடித் தரையில் மேய்கிற பிராணி அல்லவா! புல்லை வேரோடு பிடுங்கித் தின்பதால் அது மேய்ந்துபோன வழியெல்லாம் மணலில் தடம் விழும். ஓவியர் அந்தத் தடத்தை வரைந்து கொடுத்தால் நான் ஒரு பத்தியையே வெட்டிவிடுவேன். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடற்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு 2022-ல் அறிவித்தது. நம் கரையோரம் வாழும் விலங்குக்கு அட்லாண்டிக் வாலை ஒட்டி நம் பிள்ளைகளுக்கே விற்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆழத்தை வரைவது இதைவிடச் சிரமம். ஒரே நீலப் பக்கத்தில் மேலே ஓங்கில், நடுவே ஆமை, கீழே விளக்கேந்திய தூண்டில்மீன் என்று அடுக்குவது வழக்கம். பார்க்கிற பிள்ளைக்கு மூன்றும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். 10 மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் என்று வைத்து வரைந்து பாருங்கள். பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களின் எல்லையான 40 மீட்டர், வெறும் 4 மில்லிமீட்டர். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி ஒன்றரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஸ்பெர்ம் திமிங்கிலம் கணவாய் தேடி 1,000 மீட்டருக்கும் கீழே இறங்கும். தாளில் அது 10 சென்டிமீட்டர். மரியானா அகழியின் அடியைத் தொட ஒரு மீட்டருக்கு மேல் தாள் வேண்டும். மடித்து விரிக்கும் தாள் கேட்டால் பதிப்பாளர் விலையைச் சொல்லி மறுப்பார், அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் பக்க ஓரத்தில் ஓர் ஆழ அளவுகோலை வரையக் கூடுதலாக ஒரு காசும் ஆகாது.

இதற்காக எழுத்து யோக்கியம் என்று சொல்லவரவில்லை. நீலத் திமிங்கிலத்தின் இதயம் கார் அளவு, அதன் ரத்தக்குழாயில் குழந்தை தவழ்ந்து போகலாம் என்று புத்தகங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிவந்தன. கனடாவில் 2014-ல் இறந்து கரையொதுங்கிய ஒரு திமிங்கிலத்தின் இதயத்தை டொரான்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகம் பதப்படுத்தியது. எடை சுமார் 180 கிலோ. கார் அளவும் இல்லை, குழாயில் தவழ இடமும் இல்லை. 180 கிலோ இதயம் என்பதே போதாதா?

பெரியவர்கள் அதிகம் வாதாடுவது ஆமைக்காகத்தான். பங்குனி ஆமை முட்டையிட்டு, மணலை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சு பொரிய ஒன்றரை மாதமோ அதற்கு மேலோ ஆகும். குஞ்சுகள் தாயைப் பார்ப்பதே இல்லை. படத்திலோ அம்மா முன்னே நடக்க, பச்சைக் குஞ்சுகள் வரிசையாகப் பின்னே வரும். உண்மையில் அவை கருஞ்சாம்பல் நிறம். தாய் இல்லை என்றால் பிள்ளைகள் வருந்துவார்களாம். நான் வாசித்துக் காட்டிய இடங்களில் எந்தப் பிள்ளையும் அழவில்லை. "அப்போ கடல் எங்க இருக்குன்னு அதுக்கு யாரு சொன்னா?" என்றுதான் கேட்கும். அந்தக் கேள்விக்குத்தான் அடுத்த பக்கம்: இருட்டில் கடல்பக்கம் தெரியும் வெளிச்சம், கரையில் நாம் போட்ட விளக்குகளைப் பார்த்துத் தடுமாறும் குஞ்சுகள். அம்மாவை வரைந்திருந்தால் அந்தக் கேள்வி பிறந்தே இருக்காது.

படத்தைப் பென்சில் நிலையிலேயே கடல் உயிரியலாளரிடம் காட்ட வேண்டும். வண்ணம் ஏறிய பிறகு திருத்தச் சொல்ல யாருக்கும் மனம் வராது. வலையும் வள்ளமும் இருக்கும் பக்கத்தை மீனவர் ஒருவர் பார்ப்பது அதைவிட முக்கியம். வலை எப்படி விழும் என்று அவருக்குத்தான் தெரியும். இந்தப் பார்வைகளுக்கெல்லாம் ஊதியம் தர வேண்டும்; பட்ஜெட்டில் முதலில் அடிபடுவதும் அதுதான்.

எனவே பெற்றோரிடமும் பள்ளி நூலகர்களிடமும் ஒரு வேண்டுகோள். கடல் புத்தகம் வாங்கும்போது, படங்களைச் சரிபார்த்தவர் பெயர் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விற்பனை மேசையில் இருப்பவரிடம் கேளுங்கள். வாங்குகிறவர்கள் கேட்டால்தான் பதிப்பாளர் அதற்குப் பணம் ஒதுக்குவார்.