அரை விரல் மேலே

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. ஒரு காலத்தில் பஜார் ரோடு வியாபாரி ஒருவரின் கணக்குப் புத்தகங்களைச் சுமந்த பெட்டி. இன்றும் திறந்தால் சுக்கு வாசனை முகத்தில் அடிக்கும். உள்ளே சைக்கிள் வால்வு டியூப், தீக்குச்சிகள், ஈர்க்குச்சிக் கட்டு, காலி மருந்து பாட்டில்கள், செத்துப்போன ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம். அவற்றோடு, என் கையெழுத்தில் எழுதிய அட்டைகள். இவ்வளவும் இயற்பியல் கற்பிக்க என்று சொன்னால் வந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். நியாயம்தான். நான் படித்தது தமிழ் முதுகலை. பிளஸ் டூவோடு இயற்பியலைக் கைகழுவியவள்.

இழுத்துவிட்டவர் தெருக்கோடி வாசகசாலைக்கு வரும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். எல்லோருக்கும் அவர் 'மாஷ்'. சனிக்கிழமைகளில் அவரிடம் வரும் பிள்ளைகளில் சிலருக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். நாம் 'நிறை' என்பதை அங்கே 'பிண்டம்' என்பார்கள். முதல் தடவை கேட்டபோது எனக்குக் காக்கைதான் நினைவுக்கு வந்தது. நம் முடுக்கம் அவர்களுக்கு த்வரணம், ஆற்றல் ஊர்ஜம். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழிலும் செய்முறைக் குறிப்புகள் வேண்டும் என்றார் மாஷ். மொழிபெயர்ப்புதானே, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

இருபது அட்டைகளை நாற்காலியை விட்டு எழாமலேயே மொழிபெயர்த்தேன். ஏழாவது அட்டை, தராசு. ஒரு மர ஸ்கேல், இரண்டு பாட்டில் மூடிகள், நூல், ஆணி. மூலத்தில் ஒரு நீண்ட வாக்கியம், தொங்கவிடும் துளை எங்கே இருக்க வேண்டும் என்று வளைத்து வளைத்துச் சொன்னது. பத்திரிகைக்காரியின் கை சும்மா இருக்குமா? 'நடுவில் ஒரு துளை போடவும்' என்று நறுக்கினேன். அழகாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அட்டையை வைத்துக்கொண்டு தராசு செய்தாள். ஒன்றும் வைக்காமல் விட்டால், சாய்த்த இடத்திலேயே சாய்ந்து நின்றது. ஒரு பக்கம் ஒரே ஒரு மிளகை வைத்தால் தடாலென்று அந்தப் பக்கம் கவிழ்ந்தது. சமமாக நிற்கவேயில்லை. மூன்று முறை பிரித்துக் கட்டினாள். பிறகு ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு ராசியில்லக்கா. நான் எது செஞ்சாலும் இப்படித்தான்" என்றாள். அடுத்த வாரம் அவள் வரவில்லை.

மாஷ் அட்டையைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மோளே, இது நீ செய்து நோக்கியோ?"

வீட்டுக்கு வந்து மூலத்தை எடுத்துப் பார்த்தேன். துளை நீளவாட்டில் நடுவிலும், அகலவாட்டில் நடுக்கோட்டுக்குச் சற்று மேலேயும் இருக்க வேண்டும். அந்த 'சற்று மேலே'யைத்தான் நான் வெட்டியிருந்தேன். தொங்கும் புள்ளிக்குக் கீழே ஈர்ப்பு மையம் இருந்தால்தான், சாய்ந்த தராசு தானாகத் திரும்பி நிமிரும். இரண்டும் ஒரே புள்ளியில் இருந்தால் விட்ட இடத்திலேயே நிற்கும். மையம் மேலே போனால் கவிழும். அரை விரல் மேலே இன்னொரு துளை போட்டேன். தராசு இரண்டு முறை ஆடி, சமமாக நின்றது. ராசியில்லாதது அந்தப் பெண்ணின் கை அல்ல.

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டத்தைப் பற்றி அதற்கு முன்பே படித்திருந்தேன். பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து கற்கும் திட்டம் அது. பாடங்களை வகுப்பறையில் செய்து பார்த்து, ஆசிரியர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுத் திருத்தி எழுதினார்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா 1978இல் அங்கே போய்த்தான் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் இணைத்து வடிவங்கள் செய்யும் வித்தையைக் கண்டார். அந்தப் புத்தகம் 12 மொழிகளில் வந்தது. 2002இல் மாநில அரசு திட்டத்தையே நிறுத்திவிட்டது. இதையெல்லாம் ஒரு செய்தியாகப் படித்து மடித்து வைத்திருந்தேனே தவிர, எனக்கும் அதில் பாடம் இருப்பதாகத் தோன்றவில்லை.

இருபது அட்டைகளையும் திரும்ப வாங்கி ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். ஆறில் ஏதோ ஒரு பிழை. ஒன்றில் மூல ஆசிரியரே தப்பு. அதில் எனக்கு அற்ப சந்தோஷம். அதிலிருந்து என் கை படாத எதுவும் பெட்டிக்குள் போவதில்லை. வருடத்துக்குப் பத்து அட்டை தேறினால் அதிகம்.

திருத்திய ஏழாவது அட்டையோடு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். "தப்பு என்னோடதுடி" என்றேன். அவள் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் வர மூன்று வாரம் ஆயிற்று.

அப்புறம் பெட்டிக்கான சரக்கு ஊரிலிருந்தே வர ஆரம்பித்தது. கோட்டைக் கொச்சியின் சீன வலைகளைப் பார்த்தோம். கல் கட்டிய கயிறுகள் பாரத்தைச் சமன் செய்வதால், மரத்தின் மேல் ஓர் ஆள் நடந்தாலே வலை நீருக்குள் இறங்குகிறது. ஆனால் எங்களை நாள்கணக்கில் இழுத்தடித்தது மிளகுதான். மிளகு வியாபாரத்தில் தரம் சொல்ல 'லிட்டர் வெயிட்' என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு லிட்டர் மிளகு 550 கிராம் நின்றால் நல்ல சரக்கு. பொக்கு கலந்தால் எடை இறங்கிவிடும். கிடங்குக்காரர் ஒருவர் மிளகும் ஒரு லிட்டர் படியும் கொடுத்தனுப்பினார். அடர்த்திக்கு இதைவிட நல்ல பாடம் எந்தக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது? நான் படித்த பள்ளியில் வெர்னியர் காலிப்பரைப் பூட்டிய கதவு வழியாகத்தான் பார்த்தோம்.

அட்டையை எழுதி முடித்துப் பெருமையாக நீட்டினேன். அந்தப் பெண் படித்துவிட்டு, "அக்கா, ஒரு லிட்டர் தண்ணி ஆயிரம் கிராம். மிளகு ஐநூத்தி ஐம்பதுதான். அப்போ மிதக்கணுமே?" என்றாள்.

ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கிளறினோம். பொக்கு மேலே நின்றது. நல்ல மிளகு அடியில் இறங்கியது.

நான் மாஷைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். அவருக்குத் தெரியும், சொல்லமாட்டார். அவள் படியில் மிளகை நிரப்பி, விளிம்பு வரை மெல்லத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள். நிறைந்திருந்த படி தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனது. "இவ்ளோ காத்தையும் சேர்த்தா அளக்குறாங்க?" என்றாள்.

என் அட்டையைக் கிழித்துப் போட்டேன். புதிய அட்டை அவள் எழுதியது. 'நிறை' என்று எழுதி, பக்கத்தில் 'பிண்டம்' என்றும் எழுதியிருக்கிறாள். வாக்கியங்கள் நீளமாகத்தான் இருக்கின்றன. ஒரு வார்த்தையைக்கூட நான் வெட்டவில்லை.